கேரவன் தரை மக்கிவிட்டது: ஒட்டுப் போடவா, பெயர்த்தெடுக்கவா?

டொங்காட் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா 1979-ல் வாங்கிய கேரவன், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற வீட்டு வண்டி. நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம். டிசம்பர் வந்தால் ஸ்காட்பரோ கடற்கரைக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போன வண்டி. அவர் போன பிறகு ஆறு வருஷமாக மாமரத்தடியில் நிற்கிறது. போன வாரம் உள்ளே ஏறினேன், கதவோரம் கால் மெத்தென்று இறங்கியது. விரிப்பைத் தூக்கினால் பிளைவுட் டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி பிய்ந்து வருகிறது. முன் ஜன்னலுக்குக் கீழேயும் அதே கதை. முழுத் தரையையும் பெயர்க்காமல் தப்ப வழி உண்டா?

சாட்ஸ்வர்த் கடலோடி:
உண்டு தம்பி. மக்கியதைச் சுரண்டி எடு, நன்றாகக் காயவை, தண்ணியாக ஓடி இறுகிக் கெட்டியாகும் எபாக்சிப் பிசினை ஊற்று, மேலே ஒரு மெல்லிய பலகை. என் படகில் அப்படித்தான் செய்தேன், நாலு வருஷமாக அசையவில்லை.

வெருலம் தச்சன்:
படகு வேறு, இது வேறு அண்ணா. கேரவன் தரை சுவருக்கு அடியில் போய் முடிகிறது. சுவரின் அடிச்சட்டம் அந்தப் பலகை விளிம்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். நடுவில் எபாக்சி ஊற்றுவீர்கள், விளிம்புக்கு என்ன செய்வீர்கள்? ஈர மரத்துக்குள் எபாக்சி சரியாக இறங்காது. மேலே கண்ணாடி போல மூடிக்கொள்ளும், கீழே பூஞ்சை தின்றுகொண்டே இருக்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கு விருந்துதான். டர்பன் பக்கம் ஜனவரிப் புழுக்கத்தில் எதைக் காயவைப்பது?

சாட்ஸ்வர்த் கடலோடி:
ஜூன், ஜூலையில் செய்யட்டுமே, மழை குறைவு. அலமாரி, கட்டில், சிங்க் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது சுலபம். திரும்ப மாட்ட நீங்களா வரப்போகிறீர்கள்? கழற்றிய கேரவன் எத்தனை கோழிக்கூடாகப் போச்சு, நான் பார்த்திருக்கிறேன்.

வெருலம் தச்சன்:
கோழிக்கூடு உண்மைதான், என் மைத்துனர் வீட்டிலேயே ஒன்று நிற்கிறது. அதனால்தான் முதலில் அளவு தெரியவேண்டும். தம்பி, ஸ்க்ரூடிரைவரால் சாணுக்கு ஒரு குத்தாகக் குத்திக்கொண்டே போங்கள். ‘டொக்’ என்றால் நல்ல மரம். சத்தமில்லாமல் இறங்கினால் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அடியிலும் குத்திப் பாருங்கள், ஆனால் வெறும் ஜாக்கை நம்பிக் கீழே படுக்காதீர்கள்.

பீனிக்ஸ் அக்கா:
இரண்டு பேரும் தரையை விட்டு மேலே பார்க்கவே இல்லையே! தண்ணீர் எங்கிருந்து வந்தது? எங்கள் வண்டியில் இவர் இரண்டு தடவை பலகை மாற்றினார். மூன்றாவது தடவை நான் ஹோஸைப் பிடித்துக் கீழிருந்து மேலாக மெதுவாக நனைத்தேன், இவர் உள்ளே டார்ச்சோடு. கூரையும் சுவரும் சேரும் அலுமினியப் பட்டையில் ஒரே ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூ. அது வழியாகச் சுவருக்குள்ளேயே இறங்கித் தரையில் தேங்கியிருக்கிறது. இடுக்கை அடைக்கிற பழைய சிலிக்கான் பசை மேல் புதுசைப் பூசாதே தம்பி, ஒட்டாது. பட்டையைக் கழற்றி, சுத்தமாகச் சுரண்டி, பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத ரப்பர் ஒட்டுப் பட்டை) வைத்து மாட்டு.

டொங்காட் தம்பி:
குத்திப் பார்த்தேன். கதவோரம் இரண்டு சாண். முன்பக்கம் முழு அகலமும், சுவருக்கு அடியிலும். மற்றதெல்லாம் டொக். ஆனாலும் முழுத் தரைக்கும் 18 மி.மீ. போட்டுவிட்டால் கவலை விட்டதுதானே?

வெருலம் தச்சன்:
வேண்டாம். 4-க்கு 2 மீட்டர் தரைக்கு 12 மி.மீ. பிளைவுட் சுமார் 58 கிலோ, 18 மி.மீ. என்றால் 86 வரும். அந்த 28 கிலோவையும் உங்கள் பக்கிதான் (பிக்அப் வண்டி) இழுக்கவேண்டும், கேரவன் தகட்டில் போட்ட அதிகபட்ச மொத்த எடையிலும் அது கழியும். பழைய பலகை என்ன கனமோ அதே கனம் போதும். முன்பக்கத்தையும் கதவோரத்தையும் மட்டும் வெட்டுங்கள், இணைப்பு சேசிஸின் (அடியிலுள்ள இரும்புச் சட்டத்தின்) குறுக்குக் கம்பி மேல் வரட்டும். சுவருக்கு முட்டுக் கொடுத்து ஒவ்வொரு பக்கமாகச் செய்யுங்கள். புதுப் பலகையின் வெட்டு விளிம்புகளுக்குத்தான் முதலில் பெயின்ட், தண்ணீர் குடிப்பது அங்கேதான்.

சாட்ஸ்வர்த் கடலோடி:
சரி, முன்பக்கம் உங்களுக்கு. கதவோரத்தை எபாக்சிக்கு விடுங்கள்.

வெருலம் தச்சன்:
ஏறுகிற எல்லாரும் முதல் கால் வைக்கிற இடம் அண்ணா அது! விடமாட்டேன்.

டொங்காட் தம்பி:
இன்று காலை ஹோஸ் அடித்தேன், அம்மா உள்ளே டார்ச்சோடு. முன் ஜன்னலின் இடது மேல் மூலையில் சொட்டுகிறது. அங்கே ஏற்கெனவே கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது, மூன்று அடுக்கு. அப்பா வேலை.