ஆறாம் நாள் இரவும் அதற்குப் பிந்தைய ஐந்து மாதங்களும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், என் 46ஆவது வயதில், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்குக் குடல் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முந்தைய ஓராண்டாகவே, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு சுருட்டிப் பிடிக்கும். வலது அடிவயிற்றில் ஒரு பந்து உருண்டு எழுவதுபோல் வீங்கி, பிறகு கடகடவென்ற சத்தத்தோடு அடங்கும். அதை அல்சர் என்று நினைத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்ததில், 56 கிலோ இருந்த நான் 41 கிலோவுக்கு வந்துவிட்டேன். கடைசியில் இரண்டு நாள் ஓயாத வாந்தியும் வயிற்று உப்புசமுமாகப் போய்ச் சேர்ந்தபோது குடல் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பெருங்குடலின் தொடக்கத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். எடுத்த துண்டைப் பரிசோதித்ததில் குடல் காசநோய் என்று முடிவு வந்தது. இருமலோ சளியோ எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. காசநோய் குடலுக்கும் வரும் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சம்மதக் கையெழுத்து வாங்கும்போதே, "உடம்புல புரதச் சத்து ரொம்பக் கம்மியா இருக்கு, தையல் போட்ட எடம் ஒட்டாமப் போகவும் வாய்ப்பு இருக்கு" என்று அறுவை மருத்துவர் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. ஆனால் மருத்துவமனை வாசலில் இருந்த கடையில் 80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். நியாய விலைக் கடையில் 22 ஆண்டுகள் எடை போட்டு, பதிவு எழுதிப் பழகியவர் அவர். நாடித்துடிப்பு, காய்ச்சல், வயிற்றுக்குள் தேங்குவதை வெளியே வடிக்கும் குழாயில் சேர்ந்த நீர், சிறுநீர் ஆகிய நான்குக்கும் கட்டம் போட்டு, செவிலியர் வந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் கேட்டு எழுதினார். இன்று நான் உயிரோடு இருந்து இதை எழுதுவதற்கு அந்த நோட்டும் ஒரு காரணம் என்பதால்தான் அதைப் பற்றி முதலிலேயே சொல்கிறேன்.

முதல் நான்கு நாட்கள் எல்லோருக்கும் இருப்பதுபோல்தான் இருந்தன. மூக்கு வழியாக இறக்கிய குழாயில் பச்சை நிறப் பித்தநீர் வந்துகொண்டிருந்தது. மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கையில் கொடுத்து, மணிக்குப் பத்து முறையாவது மூச்சை உள்ளிழுத்துப் பந்தை மேலே ஏற்றச் சொன்னார்கள்; வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக் கொண்டு நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்றார்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். எழுந்திருக்கும்போது நேராக எழ முயலாமல், ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். இந்த மூன்றும் சிறிய விஷயங்களாகத் தோன்றும். ஆனால் அறுவைக்கு முன்பே பழகி வைத்துக்கொண்டால் பாதி வேதனை குறையும் என்பது என் எண்ணம். மறுநாளே நடக்கச் சொன்னபோது என் மாமியார் பதறிப்போனார். பத்து நாள் அசையாமல் படுக்கவைத்த காலம் போய்விட்டதென்றும், டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கேலெட் என்ற அறுவை மருத்துவர் 1990களில் முன்வைத்த முறையை ஒட்டியே இப்போது சீக்கிரம் நடக்கவும் சாப்பிடவும் விடுகிறார்கள் என்றும் பயிற்சி மருத்துவர் ஒருவர் அவரிடம் பொறுமையாக விளக்கினார். காலில் இரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கும் அந்த நடைதான் காப்பு.

ஐந்தாம் நாள் காலையில் நாடித்துடிப்பு 88. மாலையில் 104. ஆறாம் நாள் மாலையில் 116. காய்ச்சல் பெரிதாக இல்லை, 100க்குச் சற்று மேல்தான். வயிறு மறுபடியும் கல்லாக உப்பத் தொடங்கியது. அதுவரை வைக்கோல் நிறத்தில் 40 மில்லி அளவுக்கே வந்துகொண்டிருந்த வடிகுழாய் நீர், அன்று இரவு கலங்கலாக 150 மில்லியைத் தாண்டியது. என் தங்கை அந்தப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள், வாடை வந்திருக்கிறது. இரவுப் பணியில் இருந்தவர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "கேஸ்தான்மா, நடந்தா சரியாயிடும்" என்று சொல்லி ஓர் ஊசியைப் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கோ நடப்பதற்குக் கட்டிலை விட்டு இறங்கவே முடியவில்லை. எதையோ இழந்துகொண்டிருக்கிறோம் என்ற ஒரு கலக்கம் இருந்தது; அதை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

நள்ளிரவுக்கு மேல் துடிப்பு 128 ஆனபோது என் கணவர் நோட்டை எடுத்துக்கொண்டு செவிலியர் அறைக்குப் போனார். அவர் சத்தம் போடவில்லை. "சிஸ்டர், நீங்க சொல்லி நான் எழுதுன கணக்குதான் இது. மூணு நாளா ஒரே மாதிரி ஏறிக்கிட்டே வருது. பெரிய டாக்டர்கிட்ட இத மட்டும் படிச்சுக் காட்டுங்க, போதும்" என்று சொல்லி, அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றிருக்கிறார். அந்தச் செவிலியருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரு நிமிடம் அதைப் பார்த்தவள், தயங்காமல் தலைமை அறுவை மருத்துவரின் வீட்டுக்கே அழைத்துவிட்டாள். நான்கு மணிக்கு சி.டி. ஸ்கேன். தைத்த இணைப்பு விட்டுப்போய்க் குடலில் இருப்பது வயிற்றுக்குள் கசிந்து பரவியிருந்தது. விடிவதற்குள் மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள்.

இப்படிப்பட்ட கசிவு பெரும்பாலும் முதல் வாரம், பத்து நாட்களுக்குள் வெளிப்படும் என்பதையும், காய்ச்சலுக்கும் கடும் வலிக்கும் முன்பே நாடித்துடிப்பு ஏறிவிடக்கூடும் என்பதையும் பின்னால்தான் தெரிந்துகொண்டோம். கட்டிலருகே உட்கார்ந்திருப்பவர்கள் அந்த ஓர் எண்ணையாவது நாள்தோறும் குறித்து வையுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாட்கள் இருந்தேன். அந்த நாட்களைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. மூன்றாம் நாள் முதல் கூரையில் எறும்புகள் வரிசையாகப் போவதைக் கண்டேன். பணியாளர்கள் என்னை வேறு எங்கோ கடத்திக்கொண்டு போகத் திட்டமிடுகிறார்கள் என்று உறுதியாக நம்பி, கையிலிருந்த ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்தேன். என் தங்கையையே யாரென்று கேட்டேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டார் அழுதிருக்கிறார்கள். கடுமையான நோய்த்தொற்று, மருந்துகள், தூக்கமின்மை ஆகியவற்றால் அங்கே இருக்கும் பலருக்கும் இப்படிப் புத்தி தடுமாறுவதுண்டு, பெரும்பாலோருக்குத் தெளிந்துவிடும் என்று மருத்துவர் சொன்ன பிறகே அவர்கள் தேறினார்கள். என் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, பெரிய கடிகாரம் ஒன்றை எதிர்ச் சுவரில் வைக்கச் சொன்னார்கள். பகல் எது, இரவு எது என்று தெரிந்த பின் மனம் மெல்லத் திரும்பியது.

தெளிந்து வயிற்றைப் பார்த்தபோது வலப்பக்கத்தில் சிவந்த மொட்டுப்போல ஒன்று ஈரத்தோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிறுகுடலின் முனையை வெளியே கொண்டுவந்து வைத்து, அதன்மேல் பை ஒட்டியிருந்தார்கள். தொட்டால் வலிக்காது, ஆனால் தானாகவே அசையும். அதைப் பார்த்த அன்று நான் யாரோடும் பேசவில்லை.

சிறுகுடலிலிருந்து வருவது தண்ணீராக வரும்; செரிமான நீர் கலந்திருப்பதால் தோலில் பட்டால் வெந்துவிடும். முதல் இரண்டு வாரம் பையின் அடித்தட்டில் துளையைப் பெரிதாக வெட்டிவிட்டதால், சுற்றியிருந்த தோல் உரிந்து, ஒட்டியது ஒட்டாமல், ஒரே இரவில் மூன்று முறை படுக்கை நனைந்தது. மொட்டின் அளவை அட்டையில் வரைந்து, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்ட வேண்டும் என்று பையைப் பற்றிச் சொல்லித்தரும் செவிலியர் காட்டிக் கொடுத்தார். பையை மாற்றுவதற்கு விடியற்காலை, பல் துலக்கி எதுவும் குடிப்பதற்கு முன்பான நேரம்தான் தோதானது. அப்போது குடல் அமைதியாக இருக்கும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட்டால் கனத்தில் இழுத்துக்கொண்டு கழலாது. என் தங்கை இதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்த பின் பூசை அறைப் பக்கமே நான் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் மாமியார் விளக்கைத் துடைத்து, திரி போட்டு வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வர மாட்டேன், சுத்தமில்லை என்றேன். "எல்லார் வயித்துக்குள்ளயும் இருக்குறதுதான் தாயி, ஒனக்குக் கொஞ்ச நாளைக்கு வெளிய இருக்கு. வந்து ஏத்து" என்றார். எழுபத்தொரு வயதில், எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் சொன்ன அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் நான் வாசல்வரை வந்து நாலு பேர் முகத்தைப் பார்த்தேன்.

அடுத்த சிக்கல் அன்பின் வழியாக வந்தது. மே மாதம், கத்திரி வெயில். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு இளநீர் கொண்டுவந்தார்கள். தாகம் தாங்காமல் இளநீரும் பானைத் தண்ணீருமாக நாளுக்கு நான்கு லிட்டர்வரை குடித்தேன். குடிக்கக் குடிக்கப் பை நிறைந்தது. பை நிறைய நிறையத் தாகம் கூடியது. சிறுநீர் அடர்ந்த நிறத்தில் குறைவாகப் போனது. ஆனால் காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அதை மருந்தின் நிறம் என்றே நாங்கள் எண்ணிவிட்டோம். கால் கெண்டைச் சதை இழுத்துப் பிடித்து, எழுந்தால் கண் இருண்டு, ஒருநாள் குளியலறை வாசலில் விழுந்தேன். மறுபடியும் மருத்துவமனை; சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இரத்தத்தில் 2.6. ஒரு நாளில் பையில் சேர்வது ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலே ஆபத்து என்ற நிலையில், எனக்கு இரண்டரை லிட்டர் போயிருக்கிறது.

"இந்தத் தண்ணிதான்மா உங்கள வத்த வைக்குது" என்றார் மருத்துவர். வெறும் தண்ணீர் குடலுக்குள் போனதும், குடல் தன்னிடமுள்ள உப்பை அதில் கலந்து வெளியே தள்ளிவிடுகிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, எனக்கு வேண்டிய சோடியம் மிகக் குறைவு. அன்றிலிருந்து வெறும் தண்ணீருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் என்று வரம்பு கட்டினார்கள். மீதித் தாகத்துக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல், அதில் எவ்வளவு உப்புக் கூட்ட வேண்டும் என்பதையும் என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவரே சொன்னார். இதை யாரும் தாமாக அளவு போட்டுக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, குடலின் ஓட்டத்தை மெதுவாக்கும் லோபராமைடு மாத்திரை. குழைந்த சோறு, உப்புப் போட்ட கஞ்சி, வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு இவையெல்லாம் வெளியேறுவதைக் கெட்டிப்படுத்தின. என் கணவரின் நோட்டில் இப்போது புதிதாக இரண்டு கட்டங்கள் வந்தன: குடித்தது, பையில் வந்தது. பத்தே நாளில் அது 900 மில்லிக்கு இறங்கியது.

நடுவயிற்றுக் காயத்தில் சீழ் பிடித்ததால் தையலைப் பிரித்துத் திறந்தே விட்டிருந்தார்கள். உள்ளிருந்து சதை வளர்ந்து மூடுவதற்கு ஏழு வாரம் ஆனது. தினமும் இரண்டு முட்டை வெள்ளைக்கரு, பாசிப்பயறு, மீன் என்று புரதத்தைக் கூட்டிய பிறகே அது நிரம்பத் தொடங்கியதைக் கண்ணால் கண்டேன். காசநோய் மாத்திரைகள் அரசு மையத்திலேயே விலையின்றிக் கிடைத்தன. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. ஊட்டச்சத்துக்கென்று மாதம் 500 ரூபாயும் கணக்கில் வந்தது.

ஆகஸ்டில் குடலை உள்ளே வைத்து மறுபடி இணைத்தார்கள். அதற்கு முன் சாயநீர் செலுத்திப் படமெடுத்துக் கீழ்க்குடலில் அடைப்பில்லை என்று உறுதிசெய்தார்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று வாயு பிரியாமல் போகப் போக, ஆறாம் நாள் இரவு திரும்பி வந்துவிடுமோ என்று எங்கள் மூவருக்கும் தூக்கமில்லை. நான்காம் நாள் விடியலில் வாயு பிரிந்தது. இருட்டில் என் கணவர் செல்பேசி வெளிச்சத்தில் நோட்டைத் தேடி எடுத்து, "4.20" என்று எழுதிவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. முதல் ஆறு மாதம் நாளுக்கு எட்டு முறை வயிறு போனது, இப்போது மூன்று. சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் பி12 சத்து உறிஞ்சப்படுகிறது என்பதால், அது எனக்கு இல்லாத நிலையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்கிறேன். தண்ணீர்க் குடத்தை நான் தூக்குவதில்லை. பை இருந்த இடத்தில், இருமினால் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்புத் தெரிகிறது. வயிற்றுச் சுவர் அங்கே பலவீனமாக இருக்கிறது, வலை வைத்துத் தைத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். தை பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார். நோட்டில் இன்னும் எழுதாத பக்கங்கள் எத்தனை இருக்கின்றன என்று என் கணவர் நேற்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார், 17 இருக்கின்றன.