சூப்பர் நின்டெண்டோ: "பிஏஎல்" என்றால் எந்த நாட்டுப் பதிப்பு?

பதினாறுபிட்:
வணக்கம். சூப்பர் நின்டெண்டோ கேம் கன்சோலுக்கான செல்டா "எ லிங்க் டு தி பாஸ்ட்" ஆட்டத்தின் கேட்ரிட்ஜை லூஸாக, அதாவது பெட்டி இல்லாமல், வாங்கப் பார்க்கிறேன். ஒரு விற்பனைப் பதிவில் "பிஏஎல், ஐரோப்பா" என்று மட்டும் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் லேபிளில் எஸ்என்எஸ்பி-இசட்எல்-என்ஓஇ என்று தெரிகிறது. இது ஆங்கிலமா? இன்னொரு பதிவு "என்டிஎஸ்சி-ஜே", அதாவது ஜப்பான் பதிப்பு. என்னிடம் இருப்பது அமெரிக்க கன்சோல்.

லேபிள்வாசகர்:
அவசரப்பட்டுப் பணம் கட்டிடாதீங்க, அது ஜெர்மன் பதிப்பு. என்ஓஇ என்பது நின்டெண்டோ ஆஃப் யூரோப்தான். ஆனால் அந்த அலுவலகம் ஜெர்மனியில் இருந்ததால், ஜெர்மன் சந்தைக்குப் போன சரக்குக்கு அந்த மூன்று எழுத்து. செல்டாவில் வசனம் முழுக்க ஜெர்மன். அதற்காக எல்லா என்ஓஇ-யும் ஜெர்மன் பேசும் என்று வைத்துக்கொள்ளாதீங்க. வசனம் குறைவான பல ஆட்டங்களில் லேபிள் என்ஓஇ, உள்ளே ஆங்கிலம். அதனால் ஆட்டம் ஆட்டமாகத்தான் பார்க்கணும்.

குறியீட்டின் முன்பகுதி வட்டாரத்தைச் சொல்லும்: எஸ்என்எஸ் அமெரிக்கா, எஸ்எச்விசி ஜப்பான், எஸ்என்எஸ்பி ஐரோப்பா. கடைசி மூன்று எழுத்து சந்தையைச் சொல்லும்: யூகேவி பிரிட்டன், எஸ்சிஎன் ஸ்காண்டிநேவியா, எஃப்ஏஎச் பிரான்சும் ஹாலந்தும்.

பிஏஎல், என்டிஎஸ்சி இரண்டும் டிவி முறைகளின் பெயர். முதலாவது 625 வரி, 50 ஹெர்ட்ஸ். அடுத்தது 525 வரி, 60 ஹெர்ட்ஸ். மொழியையோ நாட்டையோ அவை சொல்லாது. விற்பவர் அதை மட்டும் எழுதியிருந்தால் லேபிளின் தெளிவான படம் கேளுங்க. தர மறுத்தால் விட்டுடுங்க.

கத்தரிப்பூட்டு:
மொழி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஐரோப்பிய கேட்ரிட்ஜ் உங்கள் கன்சோலில் ஓடவே ஓடாது. வேறு வட்டார கேட்ரிட்ஜைத் தடுக்கும் பூட்டுச் சிப் வேறு: அமெரிக்க, ஜப்பான் கன்சோல்களில் டி411, ஐரோப்பாவில் டி413. கேட்ரிட்ஜில் உள்ள சிப்போடு இது ஒத்துப்போகாவிட்டால் கருப்புத் திரைதான்.

ஜப்பான் கேட்ரிட்ஜுக்குச் சிப் தடை கிடையாது, தடுப்பது பிளாஸ்டிக் மட்டுமே. அமெரிக்க கன்சோலின் கேட்ரிட்ஜ் வாய்க்குள், பின்பக்கம் இரண்டு சின்ன முளைகள் நிற்கும். அமெரிக்க கேட்ரிட்ஜின் முதுகில் அதற்கேற்ற பள்ளம் உண்டு. ஜப்பான் கேட்ரிட்ஜில் இல்லை, அதனால் பாதியில் முட்டி நிற்கும். 4.5 மி.மீ. கேம்பிட்டால் (நின்டெண்டோவின் தனி வகைத் திருகைக் கழற்றும் பிட்) கன்சோலைத் திறந்து, மேல்மூடியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு கட்டரால் முளைகளை வெட்டி அரம் போடுங்க. மூடி மாட்டியிருக்கும்போதே வெட்டினால் துணுக்குகள் உள்ளே கனெக்டரில் விழும். கன்சோலைத் தொட மனசு இல்லையென்றால், 3.8 மி.மீ. பிட்டால் கேட்ரிட்ஜைத் திறந்து உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை அமெரிக்க கேட்ரிட்ஜின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் மாற்றலாம். ஆனால் சேகரிப்புக்கு வைக்கும் பொருளில் அதைச் செய்யக் கூடாது என்பது என் கருத்து.

பதினாறுபிட்:
நன்றி நண்பர்களே. ஜப்பான் செல்டா ஜப்பான் மொழியில்தானே இருக்கும்? அப்படியென்றால் எஸ்என்எஸ்-இசட்எல்-யூஎஸ்ஏ தேடுகிறேன். பின்னாளில் சூப்பர் ஃபேமிகாம் (ஜப்பானின் சூப்பர் நின்டெண்டோ) கன்சோலே வாங்கினால் அடாப்டர்?

பத்துவோல்ட்:
ஆமாம், முழுக்க ஜப்பான் மொழிதான். அடாப்டர் விஷயத்தில் கவனம். சூப்பர் ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, 850 மில்லியாம்ப், நடுமுனை மைனஸ். அதன் சொந்த அடாப்டர் 100 வோல்ட் மின்சாரத்துக்கானது, நம்ம 230-இல் நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். ஐரோப்பிய கன்சோலின் அடாப்டர் வெளியே தருவது 9 வோல்ட் ஏசி. "அதே மாதிரி பின்தானே" என்று அதைச் சூப்பர் ஃபேமிகாமில் மாட்டவே மாட்டாதீங்க. உங்கள் அமெரிக்க கன்சோலின் அடாப்டரும் 120 வோல்ட்டுக்கானது, வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் இல்லாமல் போடாதீங்க.

லேபிள்வாசகர்:
யூஎஸ்ஏ கேட்ரிட்ஜ் கிடைத்தால், போலியா என்று அறியப் பின்பக்க லேபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்க. அசலில் இரண்டு இலக்க எண் ஒன்று காகிதத்தில் அழுந்தியிருக்கும், மை இருக்காது. அது இல்லையென்றால், பணம் கொடுப்பதற்கு முன் திறந்து போர்டைக் காட்டச் சொல்லுங்க.