பள்ளிக்கரணையில் இறக்க வேண்டியது பொக்லைனா, எருமையா?

வேளச்சேரிவாசி:
ஐப்பசி மழைக்குள் தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில் பொக்லைன் இறக்கி, கோரை, சம்பு, ஆகாயத்தாமரை எல்லாவற்றையும் வழித்து எறிந்துவிட்டு இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும். 2015 டிசம்பரில் எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். 2022-இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் பட்டம் கிடைத்தது, சந்தோஷம். பட்டம் வெள்ளத்தைக் குடிக்குமா?

நாணல்:
மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள் சார். கோரைத் தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் மூன்று விளிம்பு தட்டுப்படும். சம்பு அப்படியில்லை. ஆள் உயரத்தைத் தாண்டி, பழுப்புக் கதிரை நீட்டிக்கொண்டு நிற்கும். கோரை மழையில் ஊறி, கோடையில் காயப் பழகிய பயிர். மேலே கருகினாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடந்து அடுத்த மழைக்குக் கிளம்பும். சம்புக்கு வருடம் முழுக்கத் தண்ணீரும் சத்தும் வேண்டும். இரண்டையும் கொடுப்பது நம் வீட்டுக் கழிவுநீர்தான். அதை நிறுத்தாமல் வாரினால், விட்டுப்போன வேர்த்துண்டுகளிலிருந்தே மறுபடி மண்டிவிடும்.

ஆழத்துக்கும் வருகிறேன். சதுப்பின் தண்ணீர் ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. மடுவின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தக் குழி வடியாது. முதல் மழையிலேயே நிரம்பிக் கிடக்கும். கார்த்திகையில் பெருவெள்ளம் வரும்போது அதில் இடம் ஏது?

வேளச்சேரிவாசி:
அப்படியானால் மடுவையாவது தூர் வாரலாமே? போன மழையில் ஆகாயத்தாமரை பாலத்தடியில் மெத்தை மாதிரி அடைத்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

நாணல்:
மடுவைத் தாராளமாக வாருங்கள். நான் சண்டை போடுவது நடுச்சதுப்புக்கு.

பெரும்பாக்கத்தான்:
அண்ணே, இரண்டு பேருமே எருமையை மறந்துவிட்டீர்கள். எங்கள் பக்கத்து மாடுகள் எல்லாம் இந்தக் கழுவெளியில்தான் மேயும். இளம் சம்பைத் தின்னும், மிச்சத்தை மிதித்துச் சேறாக்கும். 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடு ஆனது. காப்புக்காட்டில் இஷ்டத்துக்கு மாடு ஓட்ட முடியுமா? ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982-இல் மேய்ச்சலைத் தடுத்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்ததில் துப்பாக்கிச்சூடு வரை போனது. கடைசியில் நீர்ப்புல் மண்டிப் பறவைகளுக்குத் திறந்த தண்ணீர் குறைந்தது. எருமை இருந்ததே நல்லது என்று ஆய்வு செய்தவர்களே சொன்னார்கள்.

நாணல்:
தம்பி, ஆஸ்திரேலியாவின் காக்கடு தேசியப் பூங்காவையும் பாருங்கள். அங்கே எருமை வெளியிலிருந்து வந்த விலங்கு. அது நடந்து நடந்து வெட்டிய வாய்க்கால்கள் வழியே உப்புத்தண்ணீர் நன்னீர்ச் சதுப்புக்குள் புகுந்தது, மரங்கள் பட்டுப்போயின. எருமைகளைப் பெருமளவு அகற்றிய பிறகு நிலம் தேறியது. ஆனால் சில இடங்களில் பாரா புல் என்ற வெளிநாட்டுப் புல் முந்திக்கொண்டது. அந்த ஊர் மேக்பை வாத்துக்கு வறண்ட மாதங்களில் கோரைக்கிழங்குதான் முக்கியச் சாப்பாடு. அதைப் புல் மூடிவிட்டால் என்ன செய்யும்? எருமை நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எத்தனை மாடு, எந்த மாதம், உப்பு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வேளச்சேரிவாசி:
கோஸ்டா ரிகாவில் பாலோ வெர்தே என்ற சதுப்பில் மாடுகளை எடுத்த பிறகு சம்பு மண்டியதாம். டிராக்டரில் இரும்புச் சக்கரம் மாட்டித்தான் அடக்கினார்களாம், பறவைகளும் திரும்பினவாம். இயந்திரம் என்றாலே ஏன் உங்களுக்கு ஒவ்வாமை?

நாணல்:
அவர்கள் தோண்டவில்லை சார், நடவுக்கு வயலை மிதிப்பதுபோல் தொளி கலக்கினார்கள். தண்டு நசுங்கித் தண்ணீருக்குள் போனால் வேருக்குக் காற்று இறங்காமல் அழுகிவிடும். இங்கேயும் புரட்டாசியில் சம்பை அடியோடு அறுத்துவிட்டால் ஐப்பசித் தண்ணீர் வெட்டுவாய்க்கு மேல் ஏறி நிற்கும். பாதி வேலை மழையே செய்துவிடும். நீளவால் இலைக்கோழி, தாழைக்கோழிக்குக் கூடு கட்ட ஆங்காங்கே திட்டுகளை விட வேண்டும், அவ்வளவுதான்.

பெரும்பாக்கத்தான்:
அறுத்ததற்குப் பிறகு வரும் குருத்தை மேய எங்கள் எருமை தயார்.

வேளச்சேரிவாசி:
அறுப்புக்கு நான் சரி என்கிறேன், மடு தூர் வாருவது முதலில் நடந்தால். எருமைக்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேட்டுக் கசிவு, இன்னொரு பக்கம் சாக்கடை. அதைக் குடித்து மேயும் மாட்டின் பாலைக் காபியில் ஊற்றப்போவது நாங்கள்தானே!