மச்சை ஊசிக்குப் பதில் இரத்த டிஎன்ஏ சோதனை போதுமா?

ஹட்டன் மாமா:
அக்கா மகனுக்கு 6 வயது, பி செல் லுகேமியா, அதாவது பி செல் என்ற வெள்ளை இரத்தச் செல்லில் வரும் இரத்தப் புற்றுநோய், மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது. இடுப்பெலும்பில் ஊசி குத்தி, எலும்புக்குள் இருக்கும் மச்சையை எடுப்பதை நினைத்தாலே பிள்ளை நடுங்குகிறான். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர், கையில் எடுக்கிற இரத்தத்தின் டிஎன்ஏயிலேயே எல்லாம் தெரியும், இனி மச்சை எடுக்க விடாதே என்று அக்காவைக் குழப்பிவிட்டார். உண்மையா? அவன் தங்கை சின்னவளுக்கும் முன்கூட்டியே அப்படிப் பார்த்து வைக்கலாமா?

கண்டி லேப்:
அண்ணா, நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அவர் சொன்னது முழுப் பொய் இல்லை, ஆனால் மச்சையை நிறுத்தச் சொன்னது ஆபத்து. செல்கள் சாகும்போது அவற்றின் டிஎன்ஏ துண்டு துண்டாக இரத்தத்தில் கலக்கிறது, சில மணி நேரத்தில் அழிந்தும் போகிறது. அதில் புற்றுச் செல்லின் அடையாளத்தைத் தேடலாம். ஒவ்வொரு பி செல்லும் தன் நோயெதிர்ப்பு மரபணுவைத் தனக்கென்று வெட்டி ஒட்டிக்கொள்ளும். ஒரே செல்லிலிருந்து பெருகியதால் புற்றுச் செல்களில் பெரும்பாலும் அதே ஒட்டுத்தான் இருக்கும். சில பிள்ளைகளில் 12ஆம், 21ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டியிருக்கும், அதையும் பிசிஆரில், அதாவது கொஞ்ச மரபணுவைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கும் சோதனையில், பிடிக்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், முதல் கட்ட மருந்து முடிந்ததும் டொக்டர்மார் தேடுவது 10,000 செல்லில் ஒரு புற்றுச் செல்லாவது மிச்சம் இருக்கிறதா என்பதை. பி செல் வகையில் மச்சையில் இருப்பதைவிட இரத்தத்தில் பல மடங்கு குறைவாகத்தான் தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது. இரத்தம் சுத்தம் என்று நம்பி இருந்துவிட்டால், மருந்தைக் கூட்ட வேண்டிய பிள்ளைக்குக் கூட்டாமலே போய்விடும். டி செல் என்ற இன்னொரு வெள்ளைச் செல்லில் வரும் வகையில் இரண்டும் ஓரளவு கிட்ட வரும், ஆனால் உங்கள் பிள்ளைக்கு அது இல்லையே.

பதுளை அம்மா:
தம்பி, என் மகளுக்கும் இதே வருத்தம்தான், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். முதுகில் ஊசி போடுகிற நாளிலேயே மச்சையையும் ஒரே மயக்கத்தில் எடுக்க முடியுமா என்று டொக்டரிடம் கேளுங்கள், எங்களுக்கு அப்படிச் செய்தார்கள், பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். நோயைக் கண்டுபிடித்த முதன்முதல் ரிப்போர்ட்டை எங்கே போனாலும் கையோடு கொண்டு போங்கள். அப்புறம், காய்ச்சல் வந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோலோடு நிற்க வேண்டாம், இராத்திரி என்றாலும் வாகனம் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், மருந்து எடுக்கிற பிள்ளைக்குக் கிருமி ஏறினால் தாங்காது.

ஹட்டன் மாமா:
நன்றி அக்கா, இதை அப்படியே என் அக்காவிடம் வாசித்துக் காட்டுகிறேன். சின்னவளுக்கு?

கண்டி லேப்:
வேண்டாம் அண்ணா. நான் சொன்ன அந்த 12-21 ஒட்டு பிறக்கும்போதே சில பிள்ளைகளின் இரத்தத்தில் இருக்கும், அவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை. அதைக் கண்டுபிடித்தால் வீட்டில் பயம்தான் மிஞ்சும், நோய் வராமல் தடுக்கக் கொடுக்க மருந்தும் கிடையாது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், முகம் வெளுத்தால், அடிபடாமலே உடம்பில் நீலக் கண்டல் வந்தால், கால் எலும்பு நோகிறது என்று அழுதால் தாமதிக்காமல் காட்டுங்கள். முதலில் பார்க்க சாதாரண எஃப்பிசி, அதாவது இரத்தச் செல்களை எண்ணும் சோதனை, போதும், அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே எடுப்பார்கள்.