கடலைக்காய் வேர்முடிச்சு: கூட்டா, கணக்கா?

செவக்காட்டான் (காங்கேயம்):
நேத்து கடலைக்காய்ச் செடி ஒண்ணைப் புடுங்கிப் பையனுக்குக் காட்டினனுங்க. வேர் பூரா முடிச்சு. நகத்துல கிள்ளினா உள்ள செவப்பு. அதுல இருக்கற ரைசோபியம்ங்கற பாக்டீரியா காத்துல இருந்து நைட்ரஜனைப் புடிச்சுச் செடிக்குக் குடுக்குது, செடி அதுக்குச் சர்க்கரை குடுக்குது. ரெண்டும் என்ன பங்காளியா, ஒறம்பரையா? அப்பறம் எதுக்குப் பள்ளிக்கூடத்துல "தக்கன பிழைக்கும்"னு மட்டும் சொல்லிக் குடுக்கறாங்க? உசுருகளுக்கு அடிப்படையே கூட்டுத்தானுங்க.

கணக்குப்பிள்ளை (கோபி):
ஏனுங்ண்ணா, அது கூட்டு இல்லீங்க, கொடுக்கல் வாங்கல். 2003ல டோபி கியர்ஸ் குழுவினர் சோயாச் செடியில ஒரு சோதனை பண்ணினாங்க. முடிச்சைச் சுத்தி நைட்ரஜனே இல்லாம, ஆர்கானும் ஆக்சிஜனும் மட்டும் விட்டாங்க. பாக்டீரியா நெனைச்சாலும் வேலை செய்ய முடியாது. செடி அந்த முடிச்சுக்குப் போற ஆக்சிஜனைக் கொறைச்சிருச்சு. பாக்டீரியாப் பெருக்கம் ஏறக்குறைய பாதியாயிருச்சு. பாவம், தப்பு அதும்மேல இல்லை. செடி விசாரணையெல்லாம் வெக்காதுங்க.

செவக்காட்டான்:
அப்பத் தேனீ? கொட்டிப்போட்டுச் சாகுதே, அதை எந்தப் பேங்குல வரவு வெப்பீங்க?

கணக்குப்பிள்ளை:
அதுக்குத்தான் ஹாமில்டன்ங்கற உயிரியலாளர் 1964ல ஒரு கணக்கு எழுதிவெச்சாரு. வாங்கறவனுக்கு வர்ற லாபத்தை ரெண்டு பேருக்கும் இருக்கற உறவின் அளவால பெருக்குங்க. அது குடுக்கறவனோட நஷ்டத்தை மிஞ்சினா அந்தக் குணம் பரவும். வேலைக்காரத் தேனீ தானே முட்டை வெக்கறது அபூர்வம். ராணி அதோட அம்மா. கூடு தப்பிச்சா இவளோட மரபணுவும் தப்பிக்குது.

நொய்யல்கரை:
குறுக்கே வர்றேன். எங்கூர்ல ஒரே கெணத்துல பங்கு இருக்கற அண்ணன் தம்பி பதினோரு வருசமாக் கோர்ட்டுக்கு நடக்கறாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரு எங்களுக்கு ஒறவே இல்லை. நடுராத்திரி கரண்டு வந்தா எங்க மோட்டாரையும் சேர்த்துப் போட்டுவிடறாரு. உங்க ஹாமில்டனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கூட்டிட்டு வாங்க.

கணக்குப்பிள்ளை:
வந்தாலும் அதையேதான் சொல்லுவாரு! கூடப்பொறந்தவன்னா உறவு அரை. நான் விட்டுக்குடுக்கற ஒரு முறைத்தண்ணியால எனக்கு ஆகற நஷ்டத்தைப்போல ரெண்டு பங்குக்கு மேல அவனுக்கு லாபம் வந்தாத்தான் கட்டும். சித்திரை வெயில்ல கட்டுமா? பக்கத்துத் தோட்டத்துக்காரரு கதை வேற. இன்னைக்கு அவரு, நாளைக்கு நீங்க. ட்ரிவர்ஸ்ங்கற உயிரியலாளர் 1971ல சொன்னது இந்தக் கைமாத்தைத்தான்.

நொய்யல்கரை:
கைமாத்துக்கு ஆளை அடையாளம் தெரியணுமே. ரத்தம் குடிக்கற வௌவால் பசியில கெடக்கற கூட்டாளிக்குக் கக்கி ஊட்டறதை வில்கின்சன்ங்கற உயிரியலாளர் 1984ல எழுதினாரு. வௌவாலுக்குக் கூட்டாளியைத் தெரியும். கடலைச் செடிக்கு எவன் மூஞ்சி தெரியும்? ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. இன்னொண்ணு. எங்க கெணறு வத்துன வருசம் அந்த மனுசன் கேக்காமயே எங்க மாடுகளுக்குத் தொட்டி ரொப்பினாரு. திருப்பிக் குடுக்க எங்ககிட்ட ஒரு குடம் தண்ணி கெடையாதுன்னு அவருக்குத் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
மூஞ்சி விசயம் ஒத்துக்கறேனுங்க. செடி பண்றது கைமாத்து இல்லை, தண்டனை. நான்தான் கலந்துட்டேன். மாட்டுத்தொட்டிக்கு இப்போதைக்கு எங்கிட்டப் பதில் இல்லை.

செவக்காட்டான்:
காத்தால வரப்பைத் தாண்டி, யூரியா தாராளமா உழுந்த பக்கம் ஒரு செடியைப் புடுங்கிப் பார்த்தனுங்க. முடிச்சை விரல் விட்டு எண்ணிப்போடலாம். மண்ணுலயே நைட்ரஜன் கெடைச்சா செடிக்கு அந்தப் பாக்டீரியா தேவையில்லையாட்ட இருக்குது. கணக்குப்பிள்ளை பக்கம் ஒரு புள்ளி போட்டுக்குங்க. எனக்கென்னமோ மனசு ஒப்பலை. படம் சாயந்தரம் போடறேன்.