புதுப்பிப்பு: சிஎஸ்எஸ் புரொஃபைல் கட்டணம், ரிட்டர்ன் இல்லாத வீட்டின் வருமானச் சான்று

கேட்டிருந்தது இரண்டு: அமெரிக்கக் கல்லூரிகளின் நிதியுதவிக்கான விண்ணப்பப் படிவமான சிஎஸ்எஸ் புரொஃபைலின் கட்டணத்தை வெளிநாட்டு மாணவர் தவிர்க்க முடியுமா? பெற்றோர் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யாவிட்டால் எதைக் காட்டுவது? பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

அமெரிக்க மாணவருக்கான கட்டண விலக்கு நமக்குக் கிடையாது. முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. ஆனால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கே மின்னஞ்சல் எழுதி பேமென்ட் கோடு (கட்டணத்துக்குப் பதிலாகப் படிவத்தில் இடும் குறியீடு) கேட்கச் சொன்ன யோசனை பலித்தது. எழுதிய நான்கு கல்லூரிகளில் இரண்டு குறியீட்டைத் தந்தன. ஒன்று தன் சொந்தப் படிவமே போதும் என்றது. இன்னொன்று பதிலே போடவில்லை. படிவத்தை அனுப்பும் முன்பே குறியீட்டை இட வேண்டும். அதனால் கடைசி வாரத்தில் கேட்டுப் பயனில்லை.

ரிட்டர்னுக்குப் பதில் முதலாளி தந்த சம்பளக் கடிதம், தாசில்தார் வருமானச் சான்றிதழ், 'ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை' என்ற கையெழுத்திட்ட கடிதம் மூன்றும் போதுமானதாக இருந்தன. தமிழில் இருந்தவற்றோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் போனது.

எதிர்பாராத சிக்கல் நாணயம். ரூபாயைத் தேர்ந்தெடுத்துவிட்டு டாலராக மாற்றி 5,600 என்று போட்டால், ஆண்டு வருமானமே 5,600 ரூபாய் என்றுதான் படிவம் எடுத்துக்கொள்ளும். எல்லாத் தொகையும் ரூபாயிலேயே இருக்கட்டும்.