தம்பி போக்கரில் ஜெயித்த பணம் கரையாமல் வர வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, ஆச்சிமாரே. காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். லண்டனில் குடியிருக்கும் என் தம்பி இணையப் போக்கரில் 4,200 டாலர் ஜெயித்திருக்கிறான். பிரிட்டனில் அந்தப் பணத்துக்கு வரி இல்லை. இந்தியாவில்தான் காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. இங்கிருந்து யாரும் ஆடவில்லை.

போன மாதம் சோதனைக்காக 500 டாலர் எடுத்தான். மின்பணப்பை அதைப் பவுண்டாக்கியது, வங்கி மறுபடி ரூபாயாக்கியது. ‘கட்டணம் இல்லை’ என்றுதான் திரையில் இருந்தது. ஆனால் இரண்டு முறையும் சந்தை விலையைவிடக் குறைத்துப் போட்டு, ஏறக்குறைய 25 டாலரை விழுங்கிவிட்டார்கள். தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

இது அப்பச்சி வீட்டைப் பழுதுபார்க்க வேண்டிய பணம். வளவில் ஓடு பிரிந்து, ஆத்தங்குடிக் கல்லின் மேல் மழைநீர் சொட்டுகிறது. அம்மா அங்கே பித்தளை அண்டாவை வைத்திருக்கிறார்.

டாலர் கணக்கு ஒன்றில் டாலராகவே வாங்கி, ஒரே முறை ரூபாயாக்கி, அவனுடைய என்ஆர்இ கணக்கில் (வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) சேர்த்தால் மிச்சமாகுமா? நாடு விட்டு நாடு வங்கிகள் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் வழியில் இடையிலுள்ள வங்கி எவ்வளவு பிடிக்கிறது? மொத்தமாக எடுப்பதா, சிறுகச் சிறுகவா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். உண்டியல் (ஹவாலா) வழி மட்டும் வேண்டாம்.